குளிர்பெட்டியில் பஞ்சு

என் தம்பி இறந்த பிறகும் எங்கள் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். காலையில் யாராவது ஒருவர், "பஞ்சுவை வெளியே எடுத்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். "எடுத்தாச்சு, உருகிட்டு இருக்கான்" என்று இன்னொருவர் பதில் சொல்வார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுப் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அவர்களை உட்கார வைத்து விளக்கும் பொறுப்பு என் தலையில் விழும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் அவன் பெயரை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள். ஆபீஸிலாவது அவனைப் பற்றி வாய் ஓயப் பேச முடிந்தது.

ரத்தம் உறைவதற்கு உடம்புக்குள் ஒரு வரிசைப் புரதங்கள் வேலை செய்கின்றன. ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. என் தம்பி எட்டாம் எண் இல்லாமல் பிறந்தவன். ஆய்வகத்தில் அதை நாங்கள் வெறுமனே எட்டு என்போம். எட்டு இல்லாதவனுக்குக் கையில் படும் கீறல்கூடப் பெரிதில்லை. மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் கசிவதுதான் பாடாய்ப் படுத்தும். ஒரு பால் பல் விழுந்தால் எங்கள் வீட்டில் கூரையே விழுந்த மாதிரி அமர்க்களம். மூக்கிலோ ஈறிலோ எந்நேரமும் பஞ்சு அடைத்திருந்ததால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஞ்சு என்று கேலி பண்ணினார்கள். அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதன் பிறகு சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அவ்வளவு திமிர்.

மற்றவர்கள் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து எட்டைப் பிரித்து அவனுக்கு ஏற்றுவார்கள். சில வருஷம் அந்த மருந்து நன்றாகக் கேட்டது. பிறகு அவன் உடம்பு முரண்டு பிடித்தது. பிறந்ததிலிருந்து எட்டின் முகத்தையே பார்த்தறியாத உடம்பு அல்லவா, ஏற்றிய மருந்தை வீட்டுக்குள் புகுந்த திருடன் என்று எண்ணி அடித்துத் துரத்த ஆரம்பித்தது. துரத்துவதற்கு அது செய்துகொண்ட ஆயுதம்தான் ஆன்டிபாடி. நல்ல தமிழில் எதிர்ப்பொருள். எட்டு இல்லாத எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்குத்தான் ஆகும். அந்தச் சிலரில் எங்கள் பிள்ளையும் போய் உட்கார்ந்தது எங்கள் போதாத காலம். அதற்குப் பிறகு எவ்வளவு மருந்து ஏற்றினாலும் வீண்தான்.

நான் அப்போது ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் ரத்த ஆய்வகத்தில் இருந்தேன். எங்கள் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். ஒருவர் ரத்தத்தில் எட்டு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, எட்டை மட்டும் கவ்விப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. முயல்களுக்கு ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார். முயலினுடையது எட்டையும் பிடித்தது, எட்டு எந்நேரமும் தோளில் தொங்கிக்கொண்டு திரியும் கூட்டாளிப் புரதத்தையும் சேர்த்துப் பிடித்தது. ஆள் அடையாளம் தெரியாத போலீஸ்காரர் தெருவில் போகிறவர்களை எல்லாம் வண்டியில் ஏற்றுவது போல. பஞ்சுவினுடைய எதிர்ப்பொருளைச் சோதித்துப் பார்த்த அன்று மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எட்டைத் தவிர வேறெதையும் அது சீண்டவில்லை. அவனைச் சாகடிக்கப் போகிற பொருள்தான் நாங்கள் அத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்த பொருள்.

அவனிடம் கேட்டோம். "பரவாயில்லையே, எனக்கும் ஒரு கவர்மென்ட் வேலை கிடைச்சிருச்சு" என்றான். மாதம் ஒருமுறை வந்து ரத்தம் கொடுப்பான். சிவப்பணுக்களை அடியில் படிய வைத்துவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் வைப்போம். அவனிடமிருந்து ரத்தம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மெல்லிய ஊசியால் எடுத்துவிட்டு, குத்திய இடத்தை நெடுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பிடித்துக்கொண்டு உட்காருவது நான்தான். வீட்டில் பேசாததை எல்லாம் நாங்கள் அப்போதுதான் பேசினோம்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகக் குழிகள். குழிகளின் அடியில் பஞ்சுவின் எதிர்ப்பொருளைப் பூசி வைப்போம். அதன் மேல் சோதிக்க வேண்டிய ரத்த நீரை விடுவோம். அதில் எட்டு இருந்தால் பஞ்சு பிடித்து வைத்துக்கொள்வான், எத்தனை முறை கழுவினாலும் விடமாட்டான். கடைசியில் நிறம் காட்டும் மருந்தை விட்டால், எட்டு சிக்கியிருக்கும் குழி மஞ்சளாகும். எட்டு இல்லாத குழி தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கும்.

மரபணுவைப் படித்துச் சொல்லும் வசதியெல்லாம் எங்கள் பக்கம் வராத காலம் அது. இந்தக் குறை உள்ள குடும்பத்துப் பெண் ஆண் குழந்தையைச் சுமந்தால், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடியிலிருந்து ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். முதல்முதலாக வந்த ரத்தத்துக்குத் தட்டு நிறம் காட்டவில்லை. அந்தக் குழந்தை பிறக்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது பஞ்சு அதைக் கேட்டான். நான் அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுக்கா?"

மறைத்துப் பேச எனக்கு வராது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்ப என்னை மாதிரி ஒருத்தனை நானே காட்டிக் குடுத்துட்டேன்."

"லூசு மாதிரி பேசாத. பிடிக்கலைன்னா விட்டுடு. அடுத்த மாசத்துலேர்ந்து வராத."

"பிடிக்கலைன்னு யார் சொன்னா? நம்ம அம்மாகிட்ட யாரும் கேக்கல. அந்தம்மாகிட்டயாவது கேட்டாங்கல்ல." பிறகு என்னைப் பார்த்து, "கையை எடுக்காதக்கா, இன்னும் நிக்கல" என்றான்.

அடுத்த மாதமும் வந்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். மனசாரத்தான் வந்தானா, வேறு எங்கும் யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று வந்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இருபத்தாறு வயதில் அவன் தலைக்குள் கசிந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. காலையில் தலை வலிக்கிறது என்றான், சாயங்காலம் அம்மாவை அடையாளம் தெரியவில்லை. எட்டை ஏற்றிப் பார்த்தார்கள், ஏற்ற ஏற்ற அவன் உடம்பு அதைத் தின்று தீர்த்தது. அவன் படுத்திருந்த வார்டுக்கு இரண்டு மாடி கீழே, எங்கள் ஃப்ரீசரில், அதே எதிர்ப்பொருள் குழாய் குழாயாக நின்றுகொண்டிருந்தது. போய் அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு. கொட்டினால் மட்டும் அவன் உடம்பில் இருப்பது போய்விடுமா? இரண்டாம் நாள் மதியம் அவன் போய்ச் சேர்ந்தான்.

அவன் இடத்துக்கு மேடம் எலிகளைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். எட்டை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்ய எலிகள் இன்னும் பாடம் படித்து முடிக்கவில்லை. அதுவரைக்கும் மிச்சமிருந்த பஞ்சுவை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பதால், குழாய்களைக் கஞ்சத்தனமாக எடுத்துப் பயன்படுத்தினோம்.

இந்த நிலைமையில்தான் எங்கள் சின்னவள் மாசமானாள்.

அவள் எனக்கும் பஞ்சுவுக்கும் தங்கை. இந்தக் குறை பெண்கள் வழியாக வந்து ஆண்களைப் பிடிக்கும். பெண்ணுக்கு எட்டு பாதியாக இருக்கும், அவளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அவள் பெறும் ஆண்பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பஞ்சு உயிரோடு இருக்கும்போதே எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் அவன் குழாயை வைத்தே பார்த்திருந்தோம். கல்யாணமே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்த எனக்கு எட்டு முழுசாக இருந்தது. பிள்ளைகள் என்றால் உயிரை விடும் சின்னவளுக்குப் பாதி. கடவுளுக்குக் கணக்கு வராது என்று நான் முடிவு கட்டியது அன்றுதான்.

ஸ்கேனில் ஆண் குழந்தை என்று தெரிந்த அன்றே அவள் என்னிடம் வந்துவிட்டாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சாகணும். அண்ணன் மாதிரின்னா நான் வச்சுக்கமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவன் பொறந்திருக்கவே வேணாங்கிறியா?"

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ற? அவனோட ரத்தத்தை எடுத்து, அவனையே கேட்டு, உன்னை மாதிரி இன்னொருத்தன் வேணாம்பா போன்னு சொல்லப் போற. நல்லா இருக்குடி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அடங்கியிருப்பேன். "நீ பாட்டுக்கு வேலைக்குக் கெளம்பிப் போயிடுவ. அவன் முட்டி வீங்கிக் கத்துறப்ப ஐஸ் வச்சுட்டு உக்காந்திருந்தது நான். பள்ளிக்கூடத்துலேர்ந்து என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவாங்க. அம்மா பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திட்டு வாயில துணியை அடைச்சுட்டு அழுவாங்க. உனக்கு அவனோட ஜோக்குதான் ஞாபகம் இருக்கு. எனக்குச் சத்தம் ஞாபகம் இருக்கு."

மேடத்திடம் போய்ச் சொல்லி நாள் குறித்தேன். சில குடும்பங்களில் வேலை செய்யாத எட்டு இருந்து தட்டை ஏமாற்றும், பஞ்சுவின் ரத்தத்தில் எட்டு துளிகூட இருந்ததில்லை என்பதால் எங்கள் குடும்பத்துக்கு இந்தத் தட்டு தப்பாமல் பதில் சொல்லும் என்றார் மேடம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வந்து முன்னால் வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். ஒரே ஒரு முறை, துணி மடித்துக்கொண்டிருந்தவள், யாரிடம் என்றில்லாமல், "செத்தப்புறமும் அவனை நிம்மதியா விடமாட்டேங்கிறீங்க" என்றாள். அத்தோடு சரி.

சொந்தக் குடும்பத்தின் ரத்தத்தை நாங்களே தொடக் கூடாது என்பது ஆய்வகத்தில் விதி. அதனால் தட்டு வேலை வானொலியிடம் போனது. வானொலி எனக்குக் கீழே வேலை பார்த்த பெண். காலையில் கோட்டை மாட்டும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் கழற்றும்வரை வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். கை மட்டும் படு சுத்தம். பஞ்சு இருந்த காலத்தில் அவனோடு வாயாடி ஜெயித்த ஒரே ஆள் அவள்தான்.

இந்தச் சோதனையில் ஒரு கண்டம் உண்டு. கொடியை நோக்கிப் போகிற ஊசி வழியில் தாயின் ரத்தத்தைத் தொட்டுவிட்டால் இரண்டும் கலந்துவிடும். தாயின் எட்டு பிள்ளையின் எட்டு போல வந்து தட்டில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அதே ரத்தத்தில் கொஞ்சத்தை வேறொரு பிரிவுக்கு அனுப்புவோம். வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிவப்பணு பெரியவர்களுடையதைவிடப் பெரிது. அங்கே உள்ள மெஷின் அணுக்களை அளவு பார்த்து, அத்தனையும் குழந்தையுடையதுதானா என்று படம் போட்டுக் கொடுக்கும். அந்தப் படம் கைக்கு வரும்வரை தட்டின் நிறத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது. மேடத்தின் சட்டம் அது. சின்னவளுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்த அன்றைக்குப் பார்த்து அந்த மெஷின் பழுதாகிக் கிடந்தது. மறுநாள் காலையில்தான் படம் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை, அதாவது சின்னவளின் புருஷன், ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். பெஞ்சின் ஆடும் காலுக்குக் காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான். கதவைத் திறந்துகொண்டு வானொலி ஓடி வந்தாள்.

"மஞ்சள்! அண்ணா, மஞ்சள்!"

மாப்பிள்ளை வெலவெலத்துப் போய் எழுந்தார். "மஞ்சள் காமாலையா?"

"ஐயோ இல்லண்ணா! தட்டு மஞ்சளாயிருச்சு. எட்டு இருக்கு!"

அவளுக்குச் சட்டம் தெரியாமலில்லை. எனக்கும் தெரியாமலில்லை. அவள் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்த பிறகு படத்தைப் பற்றி ஞாபகப்படுத்த வாய் திறந்தேன். அதற்குள் அவர் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. விழுந்தாலும் நின்றிருக்கமாட்டார்.

நான் வார்டுக்குப் போனபோது சின்னவள் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். படம் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். "அதெல்லாம் வரும்க்கா, நீ வேற" என்று என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை போனில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னாங்கக்கா. இப்பவே வரேன்னு போனை வச்சுட்டாங்க" என்றார்.

அம்மா வந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். சின்னவளின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "பஞ்சு கைவிடலடி" என்றாள். அவன் போன பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா பேச ஆரம்பித்தாள். பஞ்சு காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் ரேடியோ கேட்டது, டாக்டரைப் போல நடித்துக் காட்டியபோது டாக்டரே பின்னால் வந்து நின்றது, மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இவன் எழுதிக் கொடுத்த கடிதத்தை அவள் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தது. நான் அறியாத கதைகள் எவ்வளவோ இருந்தன. இத்தனையையும் எங்கே பூட்டி வைத்திருந்தாள் என்று தோன்றியது. சின்னவள் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். படம் வரட்டும் என்று இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் படம் இருந்தது. கலப்பில்லாத ரத்தம் என்றால் ஒரே ஒரு குன்று மாதிரி வரும். இதில் இரண்டு குன்றுகள். ஒன்று குழந்தையுடையது. அதற்குப் பக்கத்தில், அதைவிட உயரமாக, தாயுடையது.

மஞ்சளாக நின்றது சின்னவளின் பாதி எட்டு. பஞ்சு தங்கையைத்தான் பிடித்து வைத்திருந்தான்.

வானொலி கதவருகே நின்றாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "அக்கா, என்னை நாலு திட்டுத் திட்டிருங்க" என்றாள். நான் திட்டவில்லை. திட்டினால் அவள் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று தெரியும், அதைச் செய்து கொடுக்க எனக்கு அன்று மனசு வரவில்லை. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அப்போது இல்லை.

சின்னவளிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப அது நான்தானா?" என்றாள். "ஆமா" என்றேன். மாப்பிள்ளை, இன்னொரு முறை ஊசி போட்டால் குழந்தைக்கு ஆபத்தா என்று கேட்டார். கொஞ்சம் ஆபத்துதான் என்றேன். அவர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எடுக்கச் சொல்லுங்க" என்றாள். அம்மாவிடமும் நான்தான் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கதை சொல்வது அன்றோடு நின்றது.

இரண்டாம் முறை ஊசி போட்ட டாக்டர் வெகு நிதானமாக எடுத்தார். இந்த முறை மேடம் முதலில் படத்தைத்தான் வாங்கினார். ஒரே குன்று, சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தட்டைத் தொடச் சொன்னார். ஃப்ரீசரிலிருந்து பஞ்சுவை எடுத்தார்கள். நான் எதையும் தொடமாட்டேன், பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று கெஞ்சினேன். மேடம் நகர்ந்து இடம் விட்டார்.

வானொலி வாயே திறக்காமல் வேலை பார்த்தாள். கடைசி மருந்தை விட்டுவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த நல்ல ஆட்களின் ரத்தம் உள்ள குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகத் தொடங்கின. எங்கள் குழி எதுவென்று எனக்குத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பைத்தியக்காரி மாதிரி வாய்க்குள், "பிடிடா, பிடிடா பஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழிகள் எல்லாம் அடர்ந்து மஞ்சளாகிவிட்டன. எங்களுடையது தண்ணீராகவே நின்றது. பிடிக்க ஒன்றுமே இல்லாதபோது அவன் என்ன செய்வான்?

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டேன். பத்து வருஷ அனுபவக்காரி கேட்கிற கேள்வியா அது. மேடம் என் தோளில் கையை வைத்தார். "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷனின் முதுகு குலுங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. சின்னவள் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வச்சுக்கமாட்டேன் என்று என்னிடம் அடித்துப் பேசியவளிடம் இப்போது அந்த உறுதி இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் குழந்தை நல்ல குழந்தையாக அவளுக்குள் இருந்துவிட்டது. அதற்கு அவள் மனசுக்குள் ஒரு பெயர்கூட வைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

"அக்கா, நீ சொல்லு. நான் என்ன செய்ய?"

எதற்கெடுத்தாலும் கருத்துச் சொல்லும் என் வாய்க்கு அன்று பூட்டு விழுந்துவிட்டது. வைத்துக்கொள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வைத்துக்கொண்டால் ஐஸ் வைக்கப் போவது நானா? வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, பஞ்சுவின் முகம் வந்து எதிரே நின்றது.

சின்னவள் அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, உன்னை ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லக் கூடாது. அண்ணன் வயித்துல இருக்கறப்பவே உனக்கு இப்படின்னு தெரிஞ்சிருந்தா, அவனைப் பெத்திருப்பியா?"

மாப்பிள்ளை, "என்ன கேக்குற நீ?" என்று பதறினார். அம்மா அவரைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

எனக்கு அம்மாவின் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். அவன் படுக்கை விரிப்பை இன்னும் வாரம் தவறாமல் துவைத்து அதே கட்டிலில் விரிக்கிறவள் அவள். அவன் பல் துலக்கிய பிரஷ் இன்னும் குளியலறையில் இருக்கிறது, எடுத்துப் போட எங்களில் யாருக்கும் தைரியமில்லை. பெத்திருப்பேன், நூறு தடவை பெத்திருப்பேன் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அப்படிச் சொன்னால் சின்னவள் அதைத் தாங்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அம்மா சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வெளிறிய முகத்தையும், வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்த கைகளையும் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

எழுந்து வந்து சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெத்திருக்கமாட்டேன்டி. நீ அழாத. நீ நல்லா இருக்கணும், எனக்கு அதான் வேணும்."

சின்னவள் அப்படியே சரிந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது நிஜமா, பெண்ணுக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற துணிச்சல் எனக்குக் கிடையாது.

மறுநாள் மாப்பிள்ளை சின்னவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். துணைக்கு நான் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தேன். மாற்றுத் துணியும் ஃபிளாஸ்க்கில் காபியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கியது எங்கள் நாலு பேருக்கு மூன்று நாளைக்குக் காணும், இன்னும் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"போயிட்டு வரேம்மா" என்றேன்.

அவள் நிமிரவில்லை. நான் வாசல் கதவைத் திறந்த பிறகுதான் கூப்பிட்டாள்.

"ஏண்டி."

"என்னம்மா?"

கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள், பிறகு இன்னொரு முறை துடைத்தாள்.

"நேத்து நான் சொன்னது... பஞ்சுவுக்குக் கேட்டிருக்காதுல்ல?"

"கேட்டிருக்காதும்மா."

"நான் மெதுவாத்தான் சொன்னேன்."

"ஆமாம்மா" என்றேன். "மெதுவாத்தான் சொன்ன."